செம்பட்டை: ஒரு பழைய சொல்லும் ஒரு புதிய ஆசையும்

ஒரு கலியாண வீட்டுக்கு இரண்டு கிழமைக்கு முதல், எங்கட குழுவில் இருக்கிற ஒரு தோழியோடு பார்லருக்குப் போயிருந்தோம். அவளுக்குத் தலைமுடிக்குக் கலர் அடிக்க ஆசை. பெரிசா ஒண்டும் இல்ல, வெயிலுக்க நிண்டா மட்டும் தெரியிற மாதிரி ஒரு கபில நிறம். பார்லர் அக்கா தடிச்ச புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து விரித்தா. உள்ளே சின்னச் சின்னக் குஞ்சம் மாதிரி முடிக் கற்றைகள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு இலக்கம். தோழி ஒரு கற்றையைத் தொட்டுக் காட்டினாள். அக்கா கற்றையையும் அவளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்கட நிறத்துக்கு உது எடுபடாது தங்கச்சி. வெள்ளைப் பிள்ளையளுக்குத்தான் உது" எண்டா.

வீட்டுக்கு வந்து தாயிட்டச் சொன்னா, தாயின் பதில் வேறு மாதிரி. "ஏன் பிள்ளை காசு குடுத்துச் செம்பட்டை ஆக்கப் போறாய்?"

இந்த இரண்டு பதிலும் எங்களுக்குள் கன நாள் கிடந்தன. இரண்டு பேரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இரண்டு பேரும் தாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் சொன்னார்கள். அப்ப எங்க கற்றுக்கொண்டார்கள்? கறுத்தத் தோலுக்கு எந்த நிற முடி பொருந்தும், எது பொருந்தாது என்ற விதியை முதலில் எழுதினது யார்? அதைத் தேடிப் போனபோது கிடைத்த கதைதான் இந்தக் கட்டுரை. கடைசியில் எந்தக் கபிலத்தைத் தெரிவு செய்யலாம் என்பதற்கும் வருவோம்.

செம்பட்டை என்றால்

தமிழில் கூந்தல் என்றாலே கருங்கூந்தல்தான். சங்கப் பாடல்கள் தொடக்கம் சினிமாப் பாட்டு வரை மழைமேகமும் ஆற்றுக் கருமணலும்தான் அதற்கு உவமை. கரிசலாங்கண்ணி, நெல்லிக்காய் போட்டுக் காய்ச்சின எண்ணெய் எல்லாம் முடியைக் கறுப்பாக வைத்திருக்கத்தான். அந்தக் கறுப்புக்கு வெளியே போன முடிக்கு எங்களிடம் இருந்த சொற்கள் இரண்டு. வயசு போனால் நரை. வயசு போக முதல் நிறம் மாறினால் செம்பட்டை.

செம்பட்டை எண்டு ஆரைச் சொன்னவை எண்டு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ. வெயிலுக்குள் நாள் முழுக்க நின்ற பிள்ளைகளை. உப்புக் காற்றிலும் கடல் தண்ணியிலும் வளர்ந்த கரையோரப் பிள்ளைகளை. தலைக்கு வைக்க எண்ணெய் இல்லாத வீட்டுப் பிள்ளைகளை. சூரியனின் புற ஊதாக் கதிர் முடியில் இருக்கிற கரு நிறமியைச் சிதைக்கும். உப்பும் வெயிலும் சேர்ந்தால் முடி வறண்டு, நுனி சிவக்கும். வெயிலில் நின்று வேலை செய்யத் தேவையில்லாத வீட்டுக்கு இந்தப் பிரச்சினை குறைவு. ஆக, செம்பட்டை என்பது வெறும் நிறத்தின் பெயராக இருக்கவில்லை. ஆர் வீட்டுப் பிள்ளை, என்ன நிலைமை என்பதையும் அந்தச் சொல் சேர்த்தே சொன்னது.

அதற்குள் இன்னொரு கனமான விசயமும் இருக்கிறது. ஜமேக்காவில் பிறந்த சிசிலி வில்லியம்ஸ் என்ற வைத்தியர், இப்போது கானா என்று அழைக்கப்படும் நாட்டில் வேலை செய்தபோது, 1930களில் குழந்தைகளுக்கு வரும் ஒரு நோயைப் பற்றி எழுதினார். குவாஷியோக்கர் என்று அந்த ஊர் மக்களே அதற்கு வைத்திருந்த பெயரை அவர் மருத்துவ உலகத்துக்குக் கொண்டுவந்தார். சாப்பாட்டில் புரதம் போதாத குழந்தைகளுக்கு வருகிற நோய் அது. கறுத்த முடி செம்பட்டையாகி மெலிவது அதன் அடையாளங்களில் ஒன்று. பசி முடியில் தெரியும். எங்கட ஊரிலும் பசிக் காலங்கள் இருந்தன. அந்தக் காலங்களைக் கண்ட ஒரு அம்மாவுக்கு, மகள் காசு கொடுத்து அதே நிறத்தை வாங்கி வருவது விளங்காமல் போனால் அதில் ஆச்சரியம் இல்லை. அவ நிறத்தைப் பார்க்கவில்லை, அந்த நிறம் முன்னம் என்ன சொன்னது என்பதைப் பார்க்கிறா.

அதனால் தாயின் பதிலை நாங்கள் பழமைவாதம் என்று தள்ளிவிட விரும்பவில்லை. பார்லர் அக்காவின் பதில்தான் தூர இடங்களில் இருந்து வந்தது. அதற்குப் பாரிஸ் வரைக்கும் போகவேண்டும்.

போத்தலுக்குள் வந்த நிறம்

1818இல் பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் லூயி ஜாக் தெனார் ஐதரசன் பரொக்சைட்டைக் கண்டுபிடித்தார். கிட்டத்தட்ட 50 வருசத்துக்குப் பிறகு, 1867இல் பாரிசில் நடந்த உலகக் கண்காட்சியில், அந்தத் திரவத்தால் தலைமுடியை வெளுக்கலாம் என்று இரண்டு பேர் செய்து காட்டினார்கள். ஒருவர் லண்டன் வேதியியலாளர், மற்றவர் பாரிஸ் சிகை அலங்காரக்காரர். அவர்கள் விற்க நினைத்தது பொன்னிறம். கபிலத்தைப் பொன்னாக்குவதுதான் அன்றைய அதிசயம்.

இதற்கிடையில் 1856இல் லண்டனில் வில்லியம் ஹென்றி பேர்கின் என்ற 18 வயதுப் பெடியன், மலேரியாவுக்கான குயினைனைச் செயற்கையாகச் செய்யப் பார்த்து, தவறுதலாக ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்தான். நிலக்கரித் தாரில் இருந்து சாயம் எடுக்கலாம் என்று உலகம் அறிந்தது அப்போதுதான். துணிச் சாயத் தொழில் அதிலிருந்து வளர்ந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த பராபினைலீன்டையமீன் என்ற பொருள் (சுருக்கமாகப் பிபிடி) பிறகு தலைமுடிச் சாயத்தின் அடிப்படையானது. 1907இல் யூஜீன் ஷூலேர் என்ற 26 வயது பிரெஞ்சு வேதியியலாளர் செயற்கை முடிச்சாயம் ஒன்றைச் செய்து பாரிஸ் சலூன்களுக்கு விற்கத் தொடங்கினார். 1909இல் அவர் தொடங்கின கம்பனிதான் இன்றைக்கு லொரியல். கம்பனிக்கு அவர் முதலில் வைத்த பெயரிலேயே "தீங்கில்லாத" முடிச்சாயம் என்ற சொல் இருந்தது. அந்தச் சொல்லைப் போட வேண்டி இருந்ததிலிருந்தே, மற்றச் சாயங்களுக்கு ஆட்கள் எவ்வளவு பயந்திருக்கிறார்கள் என்று விளங்கும்.

பயத்துக்குக் காரணமும் இருந்தது. 1930களில் அமெரிக்காவில் லாஷ் லூர் என்ற கண்ணிமைச் சாயம் விற்கப்பட்டது. அதற்குள் பிபிடி வகைச் சாயம். அதைப் பூசின பெண்களுக்குக் கண் புண்ணாகி, பார்வை போனது, ஒருவர் இறந்தும் போனார். 1938இல் அமெரிக்கா அழகுசாதனப் பொருட்களையும் சட்டத்துக்குள் கொண்டுவந்ததற்கு இந்தச் சம்பவமும் ஒரு காரணம். ஆனால் அதே சட்டம் நிலக்கரித் தார் முடிச்சாயங்களுக்கு ஒரு விலக்கு வைத்தது. பெட்டியில் எச்சரிக்கையும், முதலில் தோலில் பூசிப் பாருங்கள் என்ற குறிப்பும் இருந்தால் விற்கலாம். இன்றைக்கு எங்கட பாமசியில் வாங்குகிற பெட்டிக்குள் இருக்கிற, நாங்கள் வாசிக்காமல் எறிகிற அந்தத் துண்டுக் கடதாசிக்கு இப்படி ஒரு வரலாறு இருக்கிறது.

இந்தக் கதையில் கறுத்தத் தோல்காரர் எங்கே? இதுவரைக்கும் இல்லை. முடிச்சாயம் இரண்டு வேலைக்காக வளர்ந்தது: நரையை மறைக்க, கபிலத்தைப் பொன்னாக்க. கறுத்த முடியை வெதுவெதுப்பான கபிலமாக்குவது ஆருடைய கேள்வியாகவும் இருக்கவில்லை.

அளக்க வந்தவர்கள்

ஆனால் எங்கட தோலிலும் முடியிலும் வேறு சிலருக்கு அக்கறை இருந்தது. 1880களில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இருந்து போல் சரசின், பிரிட்ஸ் சரசின் என்ற இரண்டு இயற்கை விஞ்ஞானிகள் இலங்கைக்கு வந்தார்கள். வேடர், தமிழர், சிங்களவர் எல்லாரையும் உடலளவில் ஒப்பிட்டு, தோல் நிறம், முடி, மண்டையோடு என்று விவரித்து, 1890களில் பெரிய புத்தகமாக வெளியிட்டார்கள். மனிசரை ஏணியில் ஏற்றி, ஆர் கீழ்ப்படியில், ஆர் மேல்படியில் என்று பார்த்த காலம் அது.

20 வருசம் போக, ஜேர்மன்காரர் ஓய்கன் பிஷர் ஒரு பெட்டி செய்தார். தகரப் பெட்டிக்குள் 30 முடிக் கற்றைகள், ஒவ்வொன்றுக்கும் இலக்கம். 1908இல் அவர் இப்போதைய நமீபியாவில், ரெஹோபோத் என்ற இடத்துக்குப் போனார். அப்போது அது ஜேர்மன் குடியேற்ற நாடு. ஹெரேரோ, நாமா மக்களை அந்த ஆட்சி கொன்று குவித்து முடித்த நேரம். ஐரோப்பியருக்கும் ஆபிரிக்கருக்கும் பிறந்தவர்களின் வழிவந்த மக்களை அளந்து, இனக்கலப்புப் பற்றிப் புத்தகம் எழுதினார். பிறகு நாசிகளின் இனவாதத்துக்கு விஞ்ஞானச் சாயம் பூசினவர்களில் அவரும் ஒருவர். அவரின் அந்தப் பெட்டிகளில் ஒன்று லண்டனில் ஒரு பல்கலைக்கழகச் சேகரிப்பில் இன்றைக்கும் இருக்கிறது.

பார்லரில் இருக்கிற புத்தகம் பிஷரின் பெட்டியில் இருந்து வந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. பார்லர் புத்தகத்தின் இலக்கம் சாயம் கலக்கிறதுக்கு. பிஷரின் இலக்கம் ஆளைத் தரம் பிரிக்கிறதுக்கு. ஆனால் பிஷரின் பெட்டியின் படத்தைப் பார்த்தபோது எங்களுக்குப் பார்லர் புத்தகம்தான் ஞாபகம் வந்தது. ஒரு ஆளின் முகத்தையும் ஒரு முடிக் கற்றையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "உங்கட நிறத்துக்கு" எண்டு தீர்ப்புச் சொல்லும் பழக்கத்தின் ஒரு பழைய வடிவம் அது.

எல்லாரும் மாரி காலம்

"வோம்", "கூல்" என்ற சொற்களை நீங்கள் எல்லாரும் ரீல்ஸில் கேட்டிருப்பீர்கள். தோலுக்கு வெதுவெதுப்பான அடிநிறமா, குளிர்ச்சியான அடிநிறமா என்று பார்த்து அதற்கேற்ற முடி, உடுப்பு, லிப்ஸ்டிக். இந்தப் பேச்சின் வேர்களில் ஒன்று ஒரு ஓவிய வகுப்பு. யோகன்னஸ் இட்டன் என்ற சுவிஸ் ஓவியர் ஜேர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் 1919 தொடக்கம் 1923 வரை படிப்பித்தவர். பிறகும் படிப்பித்தலைத் தொடர்ந்தார். மாணவர்கள் தாங்களாகத் தெரிவு செய்கிற நிறங்களுக்கும், அவர்களின் தோல், முடி, கண்ணின் நிறங்களுக்கும் தொடர்பு இருப்பதாக அவருக்குப் பட்டது. 1961இல் வெளிவந்த நிறம் பற்றிய தன் பெரிய புத்தகத்தில் இதை எழுதினார். அவர் முன்னால் இருந்தவர்கள் ஐரோப்பிய மாணவர்கள். பொன்முடி, நீலக் கண், இளம் தோல், அல்லது கருமுடி, கபிலக் கண், கொஞ்சம் கூடின தோல். அந்த வீச்சுக்குள்தான் அவர் பார்த்தார்.

அமெரிக்காவில் இந்த எண்ணம் வியாபாரமானது. 1980இல் கரோல் ஜாக்சன் எழுதின "கலர் மீ பியூட்டிபுல்" என்ற புத்தகம் பல இலட்சக் கணக்கில் விற்றது. ஆட்களை இளவேனில், கோடை, இலையுதிர் காலம், மாரி என்று நாலாகப் பிரித்தது அது. வெள்ளைக்காரப் பெண்கள் நாலு காலத்துக்கும் பரவி இருந்தார்கள். கறுப்பின மக்களில், ஆசிய மக்களில் பெரும்பாலானோர் மாரி. உலகத்தின் பாதிக்கு மேற்பட்ட ஆட்களுக்கு ஒரே பெட்டி! மாரிக் காரருக்குச் சொல்லப்பட்டது கறுப்பு, தூய வெள்ளை, நீலம் போன்ற குளிர்ந்த கடும் நிறங்கள். பொன்னும் செம்மஞ்சளும் கபிலமும் இலையுதிர் காலத்துக்காரரின் நிறங்கள். மாரியாட்களுக்கு அவை ஆகாது.

பார்லர் அக்கா இந்தப் புத்தகத்தைக் கண்டிருக்க மாட்டா. ஆனால் "கறுத்த ஆக்களுக்குக் கறுப்புத்தான், கூடினால் பேகண்டி" என்ற அறிவுரை இந்த மாதிரியான பெட்டிகளுக்குள்ளால் பத்திரிகை, ரீவி, பயிற்சிப் பட்டறை என்று கைமாறி வந்திருக்கக்கூடிய அறிவுரை. இதைக் கேள்வி கேட்டதும் முதலில் கறுப்பினப் பெண்கள்தான். 1991இல் ஜீன் பட்டன் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண், கறுப்பினப் பெண்களின் தோலுக்குள்ளேயே எத்தனை நிறம் இருக்கிறது என்பதில் தொடங்கி "கலர் டு கலர்" என்ற வழிகாட்டியை எழுதினார். ஒரு பெட்டிக்குள் அடைபட்டவர்கள் அந்தப் பெட்டியைத் திறந்து உள்ளே எத்தனை பேர் என்று எண்ணிக் காட்டினது மாதிரி.

படங்களும் இதற்குள் சேர்த்தி. கலர் பிலிம் கழுவும் கடைகளுக்குக் கொடக் கம்பனி ஒரு மாதிரி அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவளின் தோல் சரியாக வந்தால் மெசின் சரி. ஷேர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அந்த அளவில் கறுத்த முகங்களின் கபிலம் இருளுக்குள் அமிழ்ந்து போனது. பிலிமில் கபிலம் திருந்தினதற்கு ஒரு காரணம், மரத் தளபாடக் கம்பனிகளும் சொக்லேற் கம்பனிகளும் தங்கட சாமானின் நிறம் படத்தில் சரியா வரேல்ல எண்டு முறையிட்டது. மனிசர் கேட்டது காணாமல், மேசையும் சொக்லேற்றும் கேட்க வேண்டியிருந்தது! பல நிறப் பெண்கள் சேர்ந்து நிற்கும் அட்டை வந்தது 1990களில். எங்கட அம்மாமாரின் கலியாண அல்பத்தில் முகத்துக்கு ஏன் அவ்வளவு பவுடர் என்பதற்கும், சாயப் பெட்டியின் அட்டைப்படத்தை நம்பி நாங்கள் ஏன் ஏமாறுகிறோம் என்பதற்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

எங்கட முடிக்குள்ள என்ன இருக்கு?

இப்ப பார்லர் புத்தகத்துக்குத் திரும்புவோம். புத்தகத்தின் இலக்கங்களை வாசிக்கப் பழகினால் பாதிப் பயம் போய்விடும். புள்ளிக்கு முதல் வருவது ஆழம். 1 கறுப்பு, 10 மிக வெளிறிய பொன். எங்களில் கனபேரின் இயற்கை முடி 1க்கும் 3க்கும் இடையில். புள்ளிக்குப் பிறகு வருவது சாயல். பெரும்பாலான புத்தகங்களில் 1 சாம்பல், 3 பொன், 4 செம்பு, 5 மஹோகனி, 6 சிவப்பு. கம்பனிக்குக் கம்பனி கொஞ்சம் மாறும், கேட்டுப் பாருங்கோ.

முடியின் கறுப்பு ஒரே பொருள் இல்லை. அதற்குள் கருங்கபில நிறமி கூட, செம்மஞ்சள் நிறமி கொஞ்சம். பரொக்சைட் போட்டுக் கறுப்பைத் திறக்கும்போது அது நேரே வெள்ளையாகாது. முதலில் கருஞ்சிவப்புக் கபிலம், பிறகு செங்கபிலம், பிறகு செம்மஞ்சள், பிறகுதான் மஞ்சள். ஆக, வெதுவெதுப்பான கபிலம் எங்கட முடிக்கு வெளியில் இருந்து வருகிற விருந்தாளி இல்லை. கறுப்புக்கு ஒரு படி உள்ளே எப்போதும் இருக்கிற நிறம். வெயில் அதைத்தான் காட்டினது, அதைத்தான் நாங்கள் செம்பட்டை என்றோம். சாம்பல் சாயல் போட்டால் அந்தச் செம்மஞ்சளோடு சண்டை பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நாலு கிழமையில் சாம்பல் கழுவுப்பட்டு, செம்மஞ்சள் மேலே வரும். வெதுவெதுப்பான கபிலம் வெளிறினாலும் தன் குடும்பத்துக்குள்ளேயே வெளிறும்.

தோலுக்கும் இதே கணக்கு. கபிலம் என்பது இருண்ட செம்மஞ்சள்தான். மனிசத் தோல் எல்லாமே அந்தச் செம்மஞ்சள் வீச்சுக்குள்தான் வருகிறது, ஆழம்தான் வேறு. எங்கட தோலும் கபிலம், முடிக்குப் போடுவதும் கபிலம். ஒரே குடும்பத்து நிறங்கள் பக்கத்தில் இருக்கும்போது எடுப்பாகத் தெரிவதற்கு ஒரு நிபந்தனைதான்: இரண்டும் ஒரே ஆழத்தில் இருக்கக் கூடாது. முடியும் முகமும் ஒரே இருளில் இருந்தால் இரண்டும் கலந்து மங்கிவிடும். முடி தோலைவிட ஒன்றிரண்டு படியாவது இருண்டு இருந்தால், அல்லது வேண்டுமென்றே தெளிவாக வெளிச்சமாக இருந்தால், முகம் தனியாகத் தெரியும். பார்லர் அக்கா "எடுபடாது" என்றதில் ஏதாவது உண்மை இருந்தால் அது இதுதான். அது ஒரு கற்றையைப் பற்றிய உண்மை, தோழியின் நிறத்தைப் பற்றியது இல்லை.

பெட்டிகளில் செஸ்நட், கரமல், ஹேசல் என்று எழுதியிருக்கும். செஸ்நட் எங்கட ஊரில் காய்க்கிற கொட்டை இல்லை. எங்கட கண்ணுக்குப் பழகின பெயர்களை வைத்துச் சொல்லிப் பார்க்கிறோம்.

நல்ல கறுத்தத் தோல் என்றால், தேங்காய்ச் சிரட்டை நிறத்தில் தொடங்கலாம். ஆழம் 3 அல்லது 4, சாயல் மஹோகனி அல்லது சிவப்பு. நிழலில் கறுப்பு மாதிரி இருக்கும், வெயிலில் சிவந்து மினுங்கும். வெளுக்கத் தேவையில்லை, முடிக்கும் சேதம் குறைவு.

மஞ்சள் அடிநிறம் உள்ள பொதுநிறம் என்றால், பனங்கட்டி நிறம். ஆழம் 4 அல்லது 5, பொன் சாயல். முகத்தில் சிவப்பு கூடத் தெரிகிறவர்களுக்கும் செம்பைவிட இந்தப் பொன் கபிலம் அமைதியாக இருக்கும்.

இன்னும் துணிச்சல் வேண்டும் என்றால், கறுவாப்பட்டை நிறம். ஆழம் 6, செம்புச் சாயல். கறுத்த முடிக்கு இது வெளுக்காமல் வராது. முழுத் தலைக்கும் அடிக்காமல் நுனிக்கு மட்டும், அல்லது இடையிடையே கற்றைகளாகப் போட்டால் வேர் கறுப்பாகவே வளரும். மாதத்துக்கு மாதம் பார்லருக்கு ஓடத் தேவையில்லை.

இவை விதிகள் இல்லை. பிளேன்ரீயைக் கண்ணாடிக் கிளாசில் விட்டு வெளிச்சத்துக்குப் பிடித்தால் அதற்குள்ளேயே மூன்று கபிலம் தெரியும். உங்களுக்கான கபிலத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ரியூப் லைட்டுக்குக் கீழே பார்க்காமல், காலமை வெளிச்சம் வருகிற யன்னலுக்குப் பக்கத்தில், முகத்தில் கிறீம் பவுடர் இல்லாமல், அந்த நிறத் துணி ஒன்றைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கோ. செல்பியை நம்ப வேண்டாம். கமரா தன்பாட்டில் நிறத்தை மாத்தும்.

பாதுகாப்புப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. பூச 48 மணித்தியாலத்துக்கு முதல் கொஞ்சச் சாயத்தை முழங்கை மடிப்பில் பூசிப் பார்க்க வேண்டும். கடி, வீக்கம், கொப்புளம் வந்தால் அந்தப் பெட்டியை மறந்துவிடுங்கோ. கலியாண வீட்டில் "கறுப்பு மருதோன்றி" போட்டுக் கை புண்ணானவர்கள் இன்னும் கவனம். அந்தக் கறுப்புக்குக் காரணம் பெரும்பாலும் பிபிடிதான், ஒருமுறை உடம்பு அதை எதிரியாகக் கண்டால் பிறகும் விடாது. நல்ல மருதோன்றி இலை வேறு விசயம். அதன் செஞ்சாயம் முடிப் புரதத்தில் ஒட்டும், கறுப்பை வெளுக்காது, வெயிலில் ஒரு சிவப்பு மினுக்கம் மட்டும் தரும். ஆனால் கடையில் மருதோன்றி என்று விற்கும் சில பொடிகளில் உலோக உப்புகள் இருக்கும். அதற்கு மேல் பரொக்சைட் பட்டால் முடி சூடாகி உடையும். முன்னம் என்ன போட்டீர்கள் என்பதைப் பார்லரில் மறைக்காமல் சொல்லுங்கோ. ஏற்கனவே கறுப்புச் சாயம் அடித்த முடியில் கபிலச் சாயம் வேலை செய்யாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும். சாயம் சாயத்தை வெளுக்காது.

எடுப்பும் வெளுப்பும்

ஒரு விசயம் எங்களை உறுத்துகிறது. "இந்தக் கலர் அடிச்சா முகம் வெள்ளையாத் தெரியும்" எண்டு சொல்லி விற்கிற இடங்கள் இருக்கின்றன. 1975இல் இந்தியாவில் வந்து எங்கட கடைகளையும் நிரப்பின பெயார் அண்ட் லவ்லி, 2020இல் பெயரை மாற்றியது. பெயர் மாறினது, மணமகள் தேவை விளம்பரத்தில் கேட்கிற நிறம் மாறவில்லை. கபில முடியும் அதே கிறீமின் இன்னொரு வடிவமாகப் போய்விடக் கூடாது. முடிக்குக் கலர் அடிக்க ஆசைப்படுகிற ஒருவர் தன் தோலுக்கு மன்னிப்புக் கேட்கிறார் என்று அர்த்தம் இல்லை. கறுத்த முகம் கறுத்த முகமாகவே எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவும் ஒருவர் நிறம் தெரிவு செய்யலாம். கறுப்பு முடியை அப்படியே விடுவதும் அதே மாதிரி ஒரு தெரிவுதான்.

எங்கட தோழி கடைசியில் வேறு பார்லருக்குப் போனாள். ஆழம் 4, கொஞ்சம் மஹோகனி, நுனியில் மட்டும். கலியாண வீட்டுப் பந்தலுக்குள் ஒருவருக்கும் தெரியவில்லை. பின்னேரம் முற்றத்துக்கு வந்து வெயிலில் நின்றபோதுதான் தெரிந்தது. தாய் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்க என்ர தலையும் உப்பிடித்தான் இருந்தது" எண்டா. "அப்ப எண்ணெய் வாங்கக் காசில்ல."

அதுக்குப் பிறகு அவ செம்பட்டை எண்டு சொல்லேல்ல.